இந்த முறை வீட்டுப்பாடம் உங்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளை வளர்க்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

தேர்வு அட்டவணையும் விடுமுறை அறிவிப்பும் தனியாக வரும். இது ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் வாழ்க்கையில் இருக்கும் ஒரு குழந்தையை மனத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். கவிதை, கதை, கடிதம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் செயல்திட்டங்களில் பெரியவர்களின் கைவண்ணம் தெரிவதை நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறோம். இதில் பிள்ளைகளின் கைவண்ணம் தெரிந்தால் ஏற்க மாட்டோம்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். பெரியவர்கள் எழுதிப் பிள்ளைகள் பார்ப்பது படிவமும் கையெழுத்தும் கணக்கும்தான். உட்கார்ந்து யோசித்து, அடித்து, திரும்ப எழுதுகிற பெரியவரை அவர்கள் பார்ப்பதே அரிது. அதனால் கட்டுரை எழுதுவது சின்னவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை வகுப்பறையில் எவ்வளவு பேசியும் மாற்ற முடியவில்லை. உங்களால் முடியும் என்று நினைக்கிறேன்.

சரி, எப்படி எழுதுவது? முதலில் ஓர் எச்சரிக்கை. 'என் அம்மா' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் 'என் அம்மா அன்பானவர், பொறுமையானவர்' என்று தொடங்குவார்கள். எந்த அம்மாவுக்கும் அது பொருந்தும். 'என் மகள் சுட்டி, புத்திசாலி, வீட்டின் ஒளிவிளக்கு' என்று நீங்கள் எழுதினால் அதுவும் இதே நோய்தான். பாராட்டுச் சொற்களை எழுதி முடித்த பிறகும் குழந்தை கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு மருந்து நம் மொழியிலேயே இரண்டாயிரம் ஆண்டு வாக்கில் பழமையாக இருக்கிறது. புறநானூற்றின் 188-ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. ஏழே அடிகள். பலரும் உண்ணும் இடத்தில் குழந்தை குறுகுறுவென்று நடக்கிறது, சின்னக் கையை நீட்டுகிறது, உணவைக் கீழே இடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. அழகு என்றோ அறிவு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. ஏழு செயல்களையும் வரிசையாகக் காட்டி முடித்த பிறகுதான் 'மயக்குறு மக்கள்' என்கிறார். அதற்குள் நாமே மயங்கியிருப்போம். பிள்ளைகள் இல்லாதவர் வாழ்ந்த நாளில் பயனே இல்லை என்று பாட்டு முடிகிறது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. தன் பிள்ளை இல்லாவிட்டாலும் அண்ணன் மகளுக்காக மாலையில் பள்ளி வாசலில் நிற்கிற அத்தைகளையும், பேரனின் கணக்கைப் பேரனைவிடக் கவலையோடு பார்க்கிற தாத்தாக்களையும் தினமும் பார்க்கிறேன். இந்தக் கடிதம் அவர்களுக்கும்தான். மன்னரிடமிருந்து முடிவை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்: குழந்தை எப்படிப்பட்டது என்று சொல்லாதீர்கள், என்ன செய்தது என்று எழுதுங்கள்.

அதற்குப் பார்த்த அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். சார்லஸ் டார்வினுக்கு 1839-இல் மூத்த மகன் பிறந்ததும் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். முதல் வாரத்துத் தும்மல், விக்கல், கொட்டாவி எல்லாம் அதில் உண்டு. நாலரை மாதத்தில் குழந்தை கண்ணாடியில் தெரியும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்ததும் திகைக்கிறது. அந்தக் குறிப்புகளை வைத்து அவர் கட்டுரை வெளியிட்டது 1877-இல். அதற்குள் அந்தக் குழந்தைக்கு வயது 37. அன்று எழுதாமல் விட்டிருந்தால் அந்தத் திகைப்பு யாருக்கு நினைவிருந்திருக்கும்? நாம் விஞ்ஞானிகள் இல்லை. ஆனாலும் கைபேசியிலோ பழைய நாட்குறிப்பின் மூலையிலோ ஒரு வரி போதும். படம் எடுத்திருக்கிறோமே என்பீர்கள். குழந்தை தனக்குத்தானே முணுமுணுத்தது படத்தில் விழாது.

பேச்சைக் குறிக்கும்போது திருத்தாதீர்கள். 'நேத்து போவோம்', 'நாளைக்கு போனோமே' என்று காலத்தைக் குழப்பும் வயது சில மாதங்களில் போய்விடும். இலக்கணப்படி எழுதிவிட்டால் அந்த வரியில் குழந்தை இருக்காது, நாம்தான் இருப்போம். (பிழை திருத்துவதில் காலத்தை ஓட்டிய ஒருவர் இதைச் சொல்வது வேடிக்கைதான்.) பேச்சு வராத பிள்ளை என்றால் கைகளைப் பாருங்கள். எதைத் தொடுகிறது, எதைத் தள்ளுகிறது, யார் வந்தால் முகம் திரும்புகிறது என்பதே ஒரு பக்கத்துக்குத் தாராளம்.

வடிவம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாடப்படுபவரைக் குழந்தையாக வைத்து, செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று பத்துப் பருவங்களாகப் பாடுவது. ஒன்றில் குழந்தை கைகொட்டும், இன்னொன்றில் விளையாட வா என்று நிலாவை அழைப்பார்கள். அது தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் பாடியது. உங்கள் வீட்டு ஆளுக்கு நீங்களே பருவம் வகுக்கலாமே? செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று வாதாடும் பருவம். எல்லாவற்றுக்கும் 'ஏன்' பருவம். இருட்டைக் கண்டு பயந்துகொண்டே பயமில்லை என்று சொல்லும் பருவம். பள்ளி வாசலில் கையை உதறிவிட்டு, நண்பர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பருவம். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பருவம். பருவத்துக்கு நாலு வரி போதும். மேல்வகுப்புப் பெற்றோர்கள் 'எங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டானே, என்ன எழுதுவது' என்று தயங்க வேண்டாம். அந்தச் சாத்திய கதவைப் பற்றி எழுதத்தான் நிறைய இருக்கிறது.

கதை எழுத விரும்பினால் குழந்தை கேட்ட கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மீனுக்குத் தாகம் எடுக்குமா? நாம் தூங்கும்போது நிழல் எங்கே போகும்? பதில் சொல்லாமல், அதை உண்மை என்று வைத்துக்கொண்டு அடுத்து என்ன நடக்கும் என்று பாருங்கள். குழந்தையே பேசுவதுபோல எழுதுபவர்கள் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஐந்து வயதின் வாயில் ஐம்பது வயதின் அறிவுரை சுலபமாக வந்து உட்கார்ந்துவிடும். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் பெரியவர்கள் வெறும் முழங்கால்கள்தான். அந்த உயரத்திலிருந்து எழுதுங்கள்.

அன்பை மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. பத்தாவது முறை கூப்பிட்டும் எழுந்து வராதபோது வந்த கோபம், தூக்கம் கெட்ட இரவு, கத்திவிட்டு உள்ளே போய் நின்றது, இவையும் பிள்ளை வளர்ப்பில் சேர்ந்தவைதான். நேர்மையாக எழுதினால் அவை நன்றாகவே வரும். அதைப் பிள்ளையிடம் படித்துக் காட்டுவது வேறு விஷயம். எழுதுவது எல்லாம் காட்டுவதற்கில்லை.

இதையொட்டி ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். 1926-இல் ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினைச் சொந்தப் பெயரோடு 'வின்னி த பூ' என்ற கரடிப் பொம்மைக் கதைகளில் வைத்தார். உலகம் கொண்டாடியது. அந்தப் பையனைப் பள்ளியில் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். வளர்ந்த பிறகு அந்தக் கசப்பை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். இன்றைக்கு ஒரு பதிவு போட்டாலே போதும், வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். படுக்கையை நனைத்தது, அழுதது, மதிப்பெண், நோய் ஆகியவை உங்களுக்கு நல்ல கதைப்பொருளாக இருக்கலாம். ஆனால் அவை பிள்ளையின் சொந்த விஷயங்கள். கதை என்றால் பெயரையும் வயதையும் மாற்றுங்கள். படித்தறியும் வயது வந்த பிள்ளை என்றால் பள்ளிக்குத் தருவதற்கு முன் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். அப்புறம் வேறு ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.

இனி நடைமுறை. மாதக் கடைசிக்குள் உறையில் வைத்து அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் எழுதாமலும் கொடுக்கலாம். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை நூலகத்தில் பெரியவர்கள் மட்டும் கூடுவோம். விரும்புபவர்கள் படிக்கலாம், மற்றவர்கள் கேட்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்ட மாட்டோம், இணையத்தில் போட மாட்டோம், பரிசும் கிடையாது. பரிசு என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒளிவிளக்குக்குத் திரும்பிவிடுவார்கள். எழுதப் பழக்கமில்லாதவர்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள ஓர் ஆசிரியர் இருப்பார். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லலாம். பிள்ளையை இழந்தவர்களோ பிரிந்திருப்பவர்களோ இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம், நாங்கள் காரணம் கேட்க மாட்டோம். எழுத வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பக்கத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்கள் எல்லோரும் அன்று மாலை சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்