சங்கத்தின் ஆண்டறிக்கை: கைப்பிடி மெஷினும் ஸ்லைடு ரூலும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அலமாரியில் கிடக்கும் பழைய கணக்கிடும் கருவிகளைப் பழுதுபார்த்து, மீண்டும் கணக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. ஆண்டு முழுக்க நடந்ததும் அந்த வேலைதான். ஆகவே இவ்வறிக்கையில் பழுது மேசை விவரமே அதிகம்.

மிகவும் கெட்டிருந்தவை ஓட்னர் வகைக் கைப்பிடி மெஷின்கள், அதாவது கைப்பிடியைச் சுற்றிக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் உதவும் கணக்கு மெஷின்கள். 1870களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உருவான அமைப்பு இது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு லீவர் உண்டு. அதை 7-இல் வைத்தால் சக்கரத்திலிருந்து 7 பற்கள் வெளியே நீளும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் விடைச் சக்கரம் 7 இடம் நகரும். 9-ஐத் தாண்டும்போது அடுத்த இலக்கத்துக்கு 1 கடத்தும் சிறு நெம்புதான் முதலில் கெடுகிறது. தேய்மானத்தால் அல்ல, பழைய எண்ணெய் பிசினாக இறுகுவதால்.

சோதிக்கும் முறை எளிது. விடையைப் பூஜ்யமாக்கி, வலக்கோடி லீவரை மட்டும் 1-இல் வைத்து, கழித்தல் திசையில் ஒரு சுற்று. வரிசையாக 9கள் வர வேண்டும். 9கள் எங்கே நின்று 0 தொடங்குகிறதோ அங்கேதான் நெம்பு ஒட்டியிருக்கிறது. ஆனால் பல மாடல்களில் இடக்கோடி இலக்கங்கள் சிலவற்றுக்குக் கடத்தல் அமைப்பே கிடையாது. அதைப் பழுது என்று நினைத்து மெஷினைக் கழற்றிவிடாதீர்கள்.

பிசினை மினரல் டர்பெண்டைன் தொட்ட தூரிகையால் கரைத்து, நன்றாக உலர்த்தி, அச்சுகளில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கைப்பிடி சுற்ற மறுத்தால் முதலில் கேரியேஜ் (விடைச் சக்கரங்களோடு இடவலமாக நகரும் பகுதி) தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காராதபோது மெஷின் தானே பூட்டிக்கொள்ளும். அழுத்திச் சுற்றினால் பல் போய்விடும்.

பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது 347 × 98. எட்டும் ஒன்பதுமாகப் பதினேழு சுற்றுச் சுற்றத் தேவையில்லை, 98 என்பது 100-இல் 2 குறைவுதானே. கேரியேஜை வலப்புறம் இரண்டு இடம் தள்ளி ஒரு கூட்டல் சுற்று, திரும்ப ஒன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்து இரண்டு கழித்தல் சுற்று. மூன்றே சுற்றில் 34006.

மடக்கை (லாகரிதம்) முறையில் கோடு போட்ட பட்டியை நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல்களில் சிக்கல் வேறு. 25 செ.மீ. அளவுகோலில் 2 என்ற கோடு தொடக்கத்திலிருந்து 75.26 மி.மீ.-இல் இருக்கிறது, 2-இன் மடக்கை 0.3010 என்பதுதான் காரணம். கோடு 0.1 மி.மீ. பிசகினால் விடை ஏறத்தாழ 0.1 சதவீதம் பிசகும், அளவுகோலின் எந்த இடத்திலும் இதே விகிதம். கர்சர் (ரூலின் மேல் நகரும், மயிரிழைக் கோடுள்ள கண்ணாடி) சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் மூன்றாம் இலக்கத்தை நம்ப முடியாது என்பது இதனால்தான். மயிரிழையை டி அளவுகோலின் 1-இல் வையுங்கள். வர்க்கங்களைக் காட்டும் ஏ அளவுகோலிலும் சரியாக 1 வர வேண்டும். பிறகு 2-க்கு 4, 3-க்கு 9. விலகினால் கர்சர் திருகுகளைத் தளர்த்தி, 1-இல் நேராக்கி, மீண்டும் முடுக்கலாம்.

ஜப்பானிய ஹெம்மி ரூல்கள் மூங்கிலின் மேல் செல்லுலாய்டு ஒட்டியவை. ஸ்பிரிட், அசிட்டோன், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் கூடாது. ஈரத்துணியில் துளி சோப்பு போதும். நகரும் பட்டி இறுகினால் எண்ணெய்க்குப் பதில் மெழுகு. சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு அமில ஆவி விடும், பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும். எளிதில் தீப்பிடிப்பதும்கூட. ஆகவே அத்தகையவற்றை மூடிய பெட்டியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான தனி அலமாரிக்கு மாற்றிவிட்டோம்.

கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணைப் புத்தக வகுப்பில் பலரும் தடுக்கி விழுந்தது ‘பார்’ எண்ணில், அதாவது தலையில் கோடு போட்டுக் குறை எண்ணாகக் காட்டும் முழுப்பகுதியில். 0.00234-இன் மடக்கை ‘பார் 3’, .3692. வர்க்கமூலத்துக்கு இதை அப்படியே பாதியாக்கக் கூடாது. முழுப்பகுதி மட்டுமே குறை எண். அதை ‘பார் 4’ ஆக்கி, 1.3692 என எடுத்து, பிறகு பாதியாக்கினால் ‘பார் 2’, .6846. விடை 0.04837.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வரும் ஆண்டில் வகுத்தலும், ஒற்றைப்படை எண்களைக் கழித்து வர்க்கமூலம் காண்பதும் பாடத்தில் சேர்கின்றன. மெஷின் கொண்டுவருவோர் கேரியேஜை நடுவில் நிறுத்தி, லீவர்களைப் பூஜ்யத்தில் வைத்து, நிமிர்ந்தபடியே துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நீங்களாக எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

செயலாளர்