பென் டிரைவ், வைரஸ்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதுகொண்டே என் அறைக்கு வந்தாள். செய்முறைத் தேர்வுக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்தது எதுவும் பென் டிரைவில் இல்லை. ஃபோல்டர் இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட் மட்டும் நின்றது. பிரிண்ட் எடுக்கப் போன கடையில், "வைரஸ்மா, ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்களாம். வீட்டிலோ, கண்டதையும் பார்த்ததால் வந்த வினை என்று திட்டு.

நல்லவேளை, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும் அந்த ஃபார்மட்டுக்கு அவள் சம்மதிக்கவில்லை. கோப்புகள் அழியவே இல்லை, மறைக்கப்பட்டிருந்தன. இந்த வகை, ஃபோல்டரை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும். சத்தமில்லாமல் வைரஸும் கணினிக்குள் இறங்கி, அடுத்துச் செருகப்படும் பென் டிரைவில் ஏறிக்கொள்ளும். எங்கள் கணினி ஆசிரியர் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். அது ஒட்டிக்கொண்டது அந்தக் கடையிலா, நம் ஆய்வகத்திலா என்று சொல்ல முடியவில்லை. ஆகவே பிள்ளையைத் திட்டியதில் நியாயமில்லை.

டெங்குவும் காய்ச்சல்தான், டைபாய்டும் காய்ச்சல்தான், மருந்து ஒன்றல்ல. கணினியிலும் அப்படியே: எல்லாவற்றையும் வைரஸ் என்கிறோம், ஆனால் வகைகள் வேறு. வைரஸ் என்பது வேறொன்றில் ஒட்டிக்கொண்டு பரவுவது. 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், அக்கால ஃபிளாப்பி வட்டின் பூட் பகுதியில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியில் ஒட்டியது. அதற்குள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள்! 1999இல் வந்த 'மெலிசா' வேர்ட் ஆவணத்தின் மேக்ரோவில், அதாவது ஆவணத்துக்குள் தானாக இயங்கும் சிறு கட்டளைத் தொகுப்பில், ஒளிந்து வந்தது. திறந்ததும் "மேக்ரோவை இயக்கவா?" என்று கேட்கும் ஆவணத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

வோர்ம் எனப்படும் புழுவுக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் தேவையில்லை. 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை', யாரும் எதையும் சொடுக்காமலே வலையமைப்பு வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலரை பிட்காயினில் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்த கணினிகள் மாட்டிக்கொண்டன. என் வீட்டுக் கணினியிலும் அந்த வழக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் வீடுகளுக்கு இப்போது அதிக ஆபத்து, நல்லது போல வேடமிட்டு வரும் ட்ரோஜன்தான். அது தானாகப் பரவாது. நாமே கதவைத் திறந்து விடுகிறோம். வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்', 'போக்குவரத்து அபராதம்' என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு படமும் அல்ல, பிடிஎஃப்பும் அல்ல. அது ஒரு செயலி. நிறுவி, குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

திங்கள் முதல் மாணவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் எதுவாக இருந்தாலும், இணைப்பில்லாத தனிக் கணினி ஒன்றில் சோதித்த பிறகே ஆய்வகத்தில் செருகப்படும். ஆசிரியர்களுடையதும், என்னுடையதும் உட்பட. செய்முறைப் பதிவுகளுக்கு வீட்டில் இன்னொரு பிரதி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஆய்வகத்தில் விட்டுச்சென்ற மூன்று பென் டிரைவ்கள் அலுவலகத்தில் உள்ளன. அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். மூன்றையும் இன்னும் சோதிக்கவில்லை.