பையைத் திறக்கும்போதே டார்ச்சையும் பாருங்கள்

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரி மலைப்பாதையைப் பராமரிக்கும் வனத்துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

2024 பருவத்தில் மலையேறியவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தது உங்களுக்குத் தெரியும். இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவிக்கிறீர்கள், சரிதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நேராக அடிவாரமான பூண்டிக்கு வந்து இறங்கும் நண்பர் கூட்டம், அது வயசானவர்களுக்குச் சொன்னது என்று கடந்து போய்விடுகிறது. அவர்களை நிறுத்த முடிகிற ஒரே இடம் அடிவாரம்.

அங்கே பிளாஸ்டிக்குக்காகப் பைகளைத் திறக்கிறீர்கள். பிஸ்கட்டைக்கூட உறை பிரித்துக் காகிதத்தில் மாற்றிக் கொடுக்கிறீர்கள். அதே பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் ஆளுக்கொரு டார்ச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்களை மேலே விடாதீர்கள். நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான்.

செல்போன் வெளிச்சம் போதும் என்கிறார்கள். ஏறும்போது போதும்போலத்தான் இருக்கும். முதல் மலைப் படிகளில் போட்டி போட்டு ஏறி, அதன் முடிவில் உள்ள வெள்ளைப் பிள்ளையார் கோயிலை எட்டுவதற்குள்ளேயே பாதித் தண்ணீரைக் குடித்துவிடுவார்கள். ஆறாவது மலையின் ஆண்டி சுனையில் குளித்த ஈரத்தோடு ஏழாவது மலைக் காற்றில் நின்று நடுங்குவார்கள். அப்போதும் சமாளித்துவிடலாம். இறங்கும்போதுதான் வினை. படிக்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், தொடை தன் பிடியில் இருக்காது. ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் போன். சறுக்கினால் ஊன்றக் கை இல்லை. சிக்னல் தேடித் தேடியே போன் அணைந்துபோகும். புது ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். கால் தெம்புள்ளவன் இருக்கிற ஒரே டார்ச்சோடு முன்னால் போய்விட, முட்டி பிடித்துக்கொண்டவன் யானை நடமாடும் காட்டில் இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான். வண்டி வராத பாதை அது. அவனை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். தோள் மாற்றி மாற்றிச் சுமக்கிறவர்களின் முட்டியும் முட்டிதானே?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன அத்தனை பேர் தீயில் கருகிய பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்துத்தான் ஒரு விதியை வாங்க வேண்டுமா? விபத்து நடந்தால் பாதையை மூடுகிறீர்கள், திறந்ததும் பழையபடியே விடுகிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது. தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுப்பதுபோல, தலையில் மாட்டும் டார்ச்சையும் முன்பணத்துக்குக் கொடுங்கள். தடி விற்கிற இடத்திலேயே தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட்டும் கிடைக்கட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்று சொல்லிக் கொடுக்கட்டும். கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர் முன்னால் போகட்டும், கடைசியில் வருகிறவர் கையில் கட்டாயம் ஒரு டார்ச் இருக்கட்டும்.

தண்ணீரும் டார்ச்சும் இல்லாமல் யாரையும் முதல் படியில் கால் வைக்க விடாதீர்கள். அடுத்த பருவத்துக்குப் பாதை திறக்கும் முன் இதற்கு உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரிப் பாதையை அறிந்தவர்கள்