பிடி-1 புரதம் வாங்கியவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாயான் லெப்பாசில் இருக்கும் எங்கள் கடையில் மனித பிடி-1 ஏற்பிப் புரதம் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேல் இருப்பது) வாங்கிய பலர் ஒரே கேள்வியோடு அழைக்கிறீர்கள். "கூட வந்த தகவல் தாளில் எடை ஏறக்குறைய 17 கிலோடால்டன் என்று இருக்கிறது. ஜெல்லில் ஓட்டினால் 35-க்குப் பக்கத்தில் நிற்கிறதே, மாற்றி அனுப்பிவிட்டீர்களா?" (ஜெல் என்பது புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டுவது.) மாற்றி அனுப்பவில்லை. அது பிடி-1 தான்.

முழு ஏற்பிக்கு 288 அமினோ அமிலங்கள். உங்களுக்கு வருவது டி செல்லின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும், வாலில், பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் ஒட்டு சேர்த்தது. அந்த அமினோ அமிலங்களைக் கூட்டினால் வரும் எடைதான் தாளில் இருப்பது. ஆனால் இந்தப் புரதத்தை மனித ஹெச்இகே 293 செல்களில் வளர்க்கிறார்கள். அந்தச் செல்கள் பிடி-1-இன் நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகளை ஏற்றிவிடும். எல்லா மூலக்கூறிலும் ஒரே அளவு சர்க்கரை ஏறாது. அதனால்தான் பட்டை மேலே நிற்பதோடு, கொஞ்சம் அகலமாகவும் மங்கலாகவும் தெரிகிறது. சந்தேகம் தீரவில்லையா? பிஎன்ஜிஏஸ் எஃப் என்ற என்சைமைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சர்க்கரை கழன்று பட்டை கீழே இறங்கும். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த பிடி-1 விலை குறைவுதான், ஆனால் அதில் இந்தச் சர்க்கரை இராது. உடலில் இருப்பதைப் போன்ற ஏற்பி வேண்டுமென்றால் மனித செல்லில் செய்ததையே வாங்கச் சொல்வோம்.

அப்புறம், குப்பியைத் திறக்கும் விதம். நம் பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள், மூடியில் ஒட்டிய தூள் அடியில் இறங்கும். நீர்மம் விட்டபின் வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்க வேண்டாம், மெல்லச் சுழற்றினால் போதும். கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் கெட்டுவிடும்.

சென்ற மாதம் ஓர் ஐயா கடைக்கே வந்து, மனைவிக்குப் புற்றுநோய், இதை ஊசியாகப் போடலாமா என்று கேட்டார். அவரை உட்கார வைத்துச் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம். 1992-இல் கியோட்டோவில் விஞ்ஞானி தசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்த பிடி-1, டி செல்லுக்கு ஒரு பிரேக். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் அந்தப் பிரேக்கில் போய் ஒட்டி அதைத் தடுக்கும் ஆன்டிபாடிகள். நாங்கள் விற்பது அந்தப் பிரேக்கின் ஒரு துண்டு. ஆன்டிபாடி சரியாக ஒட்டுகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க உதவுவது, மருந்தே அல்ல. தயவுசெய்து யார் உடம்பிலும் ஏற்றிவிடாதீர்கள். சிகிச்சைக்கு மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜெல் பற்றி அழைக்கும்போது குப்பியில் உள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைச் சொல்லுங்கள். அந்த லாட்டை ஓட்டிய ஜெல் படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து, பினாங்கு