ஃபரைக் கைவிட்ட ஃபேஷன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறுவனத் தலைவர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று தொடங்கும் மடல்கள் பெரும்பாலும் குறை சொல்லித்தான் முடியும். இதுவும் அப்படித்தான். ஆனாலும் சொல்லவேண்டிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017-ல் கூச்சி நிறுவனம் ஃபரை, அதாவது மயிரோடு உரித்துப் பதனிட்ட விலங்குத் தோலை, விடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஷனேல் ஒரு படி மேலே போய், முதலை, பாம்புத் தோல்களையும் சேர்த்து ஒதுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் ஃபேஷன் வாரம் ஃபர் இல்லாமல் நடந்தது. 2021-ல் கெரிங் குழுமம் தன் கீழுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் அதையே விதியாக்கியது. இதெல்லாம் வெறும் விளம்பரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. விளம்பரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கூண்டுக்குள் கிடக்கும் மிங்குக்கு உங்கள் உள்நோக்கம் பற்றி என்ன கவலை?

நீங்கள் கைவிட்டது எதை என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரியும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. மிங்க் கீரியைப்போல நீண்ட உடல் கொண்ட, தண்ணீரில் இரை தேடும் விலங்கு. கால் விரல்களுக்கிடையே சிறிது சவ்வுகூட உண்டு. பண்ணையில் அதற்குக் கிடைப்பது கம்பிவலைக் கூண்டு. ஐரோப்பிய கவுன்சில் 1999-ல் தந்த பரிந்துரைப்படியே அதன் தரைப்பரப்பு 2,550 சதுர சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர். நீந்தத் தண்ணீர் இல்லை. ‘பண்ணையிலேயே பிறந்ததற்கு நீச்சல் தெரியாது, அதனால் ஏக்கமும் இருக்காது’ என்று பண்ணைக்காரர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜியா மேசனும் அவருடைய சகாக்களும் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பண்ணை மிங்குகளுக்கு வெவ்வேறு அறைகளைத் திறந்துவிட்டார்கள்: ஒன்றில் விளையாட்டுப் பொருள், ஒன்றில் உயரமான மேடை, ஒன்றில் இன்னொரு படுக்கை, ஒன்றில் தண்ணீர்த் தொட்டி. பிறகு கதவுகளின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மற்ற அறைகளைவிடத் தண்ணீர்த் தொட்டிக்காகவே மிங்குகள் அதிகம் முட்டித் தள்ளின. அந்தக் கதவை ஒரு நாள் அடைத்து வைத்தபோது, அவற்றின் சிறுநீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஏறியது. உணவு கொடுக்காமல் வைத்தபோது ஏறிய அளவுக்கும் இதற்கும் வேறுபாடு காண முடியவில்லை.

குளிர்கால மயிர் முழுதாக வளர்ந்ததும், பிறந்து எட்டு மாதம்கூட ஆகாத அந்த விலங்கை வாயு அடைத்த பெட்டிக்குள் போட்டுக் கொல்கிறார்கள். நரி என்றால் மின்சாரம். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: தோலில் கீறல் விழக்கூடாது. 2020 இறுதியில் கொரோனா தொற்று மிங்குகளிடையே பரவியபோது டென்மார்க் தன் நாட்டிலிருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளை மொத்தமாகக் கொல்ல உத்தரவிட்டது. அவசரமாகப் புதைத்த உடல்கள் வாயுவால் உப்பி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. கொல்ல ஆணையிடும் சட்ட அதிகாரமே அரசுக்கு அப்போது இருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டு, வேளாண் அமைச்சர் பதவி விலகினார்.

ஆகவே நீங்கள் விட்டது நல்ல காரியம். சண்டை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஃபரை விட்டோம் என்கிறீர்கள். அறிவிப்பின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் விளக்கத்தைப் படித்தால், உங்களில் பலர் எதை ஃபர் என்று எண்ணவில்லை என்பது தெரிகிறது. செம்மறியாட்டுத் தோல் சேராது. மயிரோடு கூடிய மாட்டுத் தோல் சேராது. ஷெர்லிங் சேராது. நீங்களாகக் கண்டுபிடித்த விலக்கு இல்லை இது; கலிஃபோர்னியா 2019-ல் இயற்றி 2023 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஃபர் விற்பனைத் தடைச் சட்டத்திலும் செம்மறி, ஆடு, மாடு ஆகியவற்றின் மயிர்த் தோலுக்கு விலக்கு இருக்கிறது.

ஷெர்லிங் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆட்டின் கம்பளியை ஒருமுறை கத்தரிக்கிறார்கள். அது சீராக, குட்டையாக மறுபடி வளர்ந்ததும் ஆட்டைக் கொன்று, கம்பளியைப் பிரிக்காமல் தோலோடு சேர்த்துப் பதனிடுகிறார்கள். உட்புறம் கதகதப்பான மயிர், வெளிப்புறம் மெருகேற்றிய தோல். மிங்க் கோட்டுக்கும் இதற்கும் செய்முறையில் என்ன வேறுபாடு? இரண்டும் மயிரோடு உரித்த தோல்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, மேடையில் மிங்கை இறக்கிவிட்டு, அதே மேடையில், அதே பருவத்தில், ஷெர்லிங்கை ஏற்றுகிறீர்கள்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: ஆட்டை இறைச்சிக்காகத்தான் கொல்கிறார்கள், தோல் உபபொருள்; வீணாய்ப் போவதைப் பயன்படுத்துகிறோம். இந்த வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. தொப்பியில் செருகும் இறகுகளுக்காகக் கொக்குகளையும் முக்குளிப்பான்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1889-ல், எமிலி வில்லியம்சன் மான்செஸ்டரில் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இன்று ஆர்.எஸ்.பி.பி. என்ற பெயரில் இயங்கும் பறவைப் பாதுகாப்பு அமைப்பின் வேர் அது. உறுப்பினர்களுக்கு அவர்கள் வைத்த விதி: உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணியமாட்டேன், தீக்கோழி மட்டும் விலக்கு. தீக்கோழியைக் கொல்லாமலே இறகைக் கத்தரித்து எடுக்கலாம் என்பது அந்த விலக்கின் காரணம்.

அந்த விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்தப் பறவை, எதற்காகச் செத்தது, சாகாமல் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் அணிகிறவளையே கேட்கவைக்கிறது. உங்கள் உபபொருள் வாதமோ கேள்வியை மூடிவைக்கிறது. கன்றுத் தோல் ஏன் மிருதுவாக இருக்கிறது? கன்று இளையது என்பதால். காரகுல் ஆட்டுக்குட்டியின் தோலில் ஏன் அந்தச் சுருள்? பிறந்த சில நாட்களுக்குள், சுருள் விரிவதற்கு முன்பே கொன்றுவிடுவதால். தோலுக்கென்று தனி விலையும் தனித் தரவரிசையும் இருக்கும்போது அது கசாப்புக்கடைக் கழிவு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தோலில் வருகிற பணம் கால்நடை வளர்ப்பின் வரவில்தானே சேர்கிறது. சில தோல்கள் உண்மையிலேயே மிச்சமாக வருபவை, சில அப்படி இல்லை. எது எது என்பதை நீங்கள் சொல்லவேண்டும்; சொன்னால் நான் முடிவு செய்துகொள்வேன்.

இதற்காகத்தான் இந்த மடல். லேபிளில் எழுதுங்கள்.

இப்போது லேபிள் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு ஜவுளி விதிப்படி, ஆடையில் விலங்கிலிருந்து வந்த பகுதி ஏதாவது இருந்தால், ‘விலங்கு மூலமுள்ள, ஜவுளியல்லாத பகுதிகள் கொண்டது’ என்ற ஒரே வாசகத்தை அச்சிட்டால் போதும். கொம்பில் செய்த ஒரு பொத்தானுக்கும் அதே வாசகம், கழுத்தைச் சுற்றிய நரித் தோலுக்கும் அதே வாசகம். காலணியில் இன்னும் மோசம்: 1994-ஆம் ஆண்டின் உத்தரவு மேற்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி என்று மூன்று சின்னங்களைப் போடச் சொல்கிறது, பக்கத்தில் விரித்த தோலின் வடிவத்தில் இன்னொரு சின்னம். மாடா, ஆடா, பன்றியா, கங்காருவா? சின்னத்துக்கு அதைச் சொல்லும் கடமை இல்லை.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? அமெரிக்காவின் ஃபர் லேபிள் சட்டம் 1951-லேயே விலங்கின் பெயரையும் அது வந்த நாட்டையும் எழுதச் சொல்லிவிட்டது. விலை குறைந்த பொருள்களுக்கு இருந்த விலக்கையும் 2010-ல் இயற்றிய திருத்தம் நீக்கியது. ஃபருக்கு எழுத முடிந்ததைத் தோலுக்கும் ஷெர்லிங்குக்கும் எழுத முடியாதா? ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் பாலின் சுவடு இருக்கலாம் என்பதுவரை அச்சிட இடம் கிடைக்கும்போது, முழங்கால்வரை தொங்கும் கோட்டில் இடமில்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017-ல் பிரிட்டனில் செயற்கை ஃபர் என்று விற்ற பொருள்கள் சிலவற்றைச் சோதித்தபோது உண்மையான விலங்கு மயிர் கிடைத்தது. கூண்டில் வளர்த்த விலங்கின் மயிர், ஆலையில் நெய்த போலியைவிட மலிவாகக் கிடைக்கும் அளவுக்கு அந்த வியாபாரம் சீரழிந்திருந்தது. ஃபர் வேண்டாம் என்று முடிவெடுத்து, தேடிப் போலியை வாங்கியவர் கடைசியில் விலங்கையே கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார். வாங்குகிறவர்கள் தாங்களே சோதித்துக்கொள்ளலாம்: மயிரை இரண்டு பக்கமும் விலக்கி அடியைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் போலி, தோல் தெரிந்தால் அசல். நுனி ஊசிபோல் கூராக மெலிந்தால் அசல், கத்தரித்ததுபோல் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் போலி. ஆனால் கடைக்குள் நின்று இந்தத் துப்பறியும் வேலையை நான் ஏன் செய்யவேண்டும்? உங்களிடம் கொள்முதல் ரசீது இருக்கிறது.

எல்லா விலங்குப் பொருளையும் ஒரே தராசில் வைத்து ‘எல்லாம் பாவம்’ என்று சொல்கிறவன் அல்ல நான். அப்படிச் சொல்கிறவர்களின் வாதம் நேராக இருக்கிறது, ஆனால் அது எல்லோரையும் ஒரே நாளில் துறவியாக்கப் பார்க்கிறது. பட்டுத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதற்காக, கூட்டுப்புழுவை உள்ளேயே வைத்து ஆவியிலோ வெந்நீரிலோ கொல்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். அந்தப் புழுவின் வலியும் மிங்கின் வலியும் ஒன்றா என்று கேட்டால், ஒன்று என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வலிக்கவே வலிக்காது என்று சொல்லவும் ஒப்பவில்லை. தெரியாத இடத்தில் குறைத்து வாங்குகிறேன். வேறொருவர் வேறு முடிவுக்கு வரலாம்.

மறுபக்கம் விகுன்யா இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வேட்டையால் 1960-களில் ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போன, ஒட்டகக் குடும்பத்து விலங்கு. உயிரோடு பிடித்துக் கம்பளியைக் கத்தரித்து மீண்டும் மலையில் விட்டுவிடும் முறை சட்டபூர்வமாக வந்த பிறகு, இன்று அவை லட்சக்கணக்கில் மேய்கின்றன. மலைவாழ் மக்களுக்கு உயிருள்ள விகுன்யாவால் வருமானம் வருவதால்தான் வேட்டைக்காரனை அவர்கள் விரட்டுகிறார்கள். விலங்குப் பொருள் என்றாலே விலங்குக்குக் கேடு என்ற சூத்திரம் இங்கே பொருந்தாது. ஆர்க்டிக் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கதையும் அப்படித்தான்: சீல் என்ற கடல் விலங்கிலிருந்து வரும் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் தடை விதித்தபோது, பிழைப்புக்காக வேட்டையாடும் அவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் சந்தையே சரிந்துவிட்டதால் ஏட்டில் இருந்த விலக்கு கைக்கு வரவில்லை. எது எங்கிருந்து, யார் கையிலிருந்து வருகிறது என்று எழுதிய லேபிள் இருந்திருந்தால் வாங்குகிறவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

செம்மறிக் கம்பளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆட்டைக் கொல்லாமல் எடுப்பது என்பதால் பலர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. தோல் மடிப்புகள் நிறைந்த மெரினோ ஆடுகளின் பின்பகுதியில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்; ஆட்டை உயிரோடு தின்னும் கொடிய நோய் அது. அதைத் தடுக்க, குட்டியாக இருக்கும்போதே வாலைச் சுற்றியுள்ள தோலைக் கத்தரியால் அறுத்தெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. மியூல்சிங் என்று பெயர். 2010-க்குள் இதை நிறுத்திவிடுவோம் என்று அந்நாட்டுக் கம்பளித் துறை 2004-ல் வாக்குக் கொடுத்தது. 2009-ல் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பக்கத்து நாடான நியூஸிலாந்தோ 2018-ல் சட்டம் போட்டு நிறுத்தியே விட்டது. தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குறுதிக்கு எவ்வளவு ஆயுள் என்பது எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது. உங்கள் ‘ஃபர் இல்லை’ அறிவிப்பும் அந்த வகைதான் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த தலைமை வடிவமைப்பாளர் வந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ.

நீங்கள் மாற்றாகக் கொண்டுவந்திருக்கும் செயற்கை ஃபரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது அக்ரிலிக்; அதாவது பெட்ரோலியம். துவைக்கும்போது நுண்ணிழைகளை உதிர்க்கும், மக்காது. விலங்கைக் காப்பாற்றிவிட்டு அதன் ஆற்றில் பிளாஸ்டிக்கைக் கொட்டுகிறோம் என்று ஃபர் வியாபாரிகள் உங்களைக் கேலி செய்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை: மயிர் உதிராமலும் தோல் அழுகாமலும் இருக்க அவர்களுடைய ஃபரிலும் ஏற்றுவது ரசாயனங்களைத்தான். இதற்கும் என் வேண்டுகோள் அதேதான். ‘வீகன்’ (விலங்குப் பொருள் இல்லாதது) என்று பச்சை நிறத்தில் எழுதாதீர்கள், அக்ரிலிக் என்று எழுதுங்கள்.

(பழைய ஃபர் கோட்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: எரிப்பதால் எந்த மிங்கும் உயிர்த்து வராது. தாயை இழந்த காட்டு விலங்குக் குட்டிகளைப் பராமரிக்கும் மீட்பு மையங்களில் சில, படுக்கை விரிப்பாக அவற்றை வாங்கிக்கொள்கின்றன.)

ஆகவே நான் கேட்பது இது. விலங்கிலிருந்து வந்த பகுதி ஒவ்வொன்றுக்கும் விலங்கின் பெயர், பண்ணையா காடா, எந்த நாடு, கொன்று எடுத்ததா, கொல்லாமல் எடுத்ததா. இறகு என்றால் உயிரோடு பிடுங்கியதா என்பதையும் சேர்த்து. உயிரோடு பிடுங்குவதைத் தடைசெய்யும் தரச்சான்று 2014 முதல் நடைமுறையில் இருப்பதால், சரிபார்க்க வழியில்லை என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் இதையெல்லாம் படிக்கமாட்டார் என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொல்லும். படிக்காவிட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே, அப்புறம் ஏன் தயக்கம்? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்றச் சொல்லவில்லை. வரும் குளிர்காலத் தொகுப்பில் ஷெர்லிங் ஜாக்கெட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அதுவரை, உங்கள் ‘ஃபர் இல்லை’ பக்கத்தில் ஷெர்லிங்குக்கு ஏன் விலக்கு என்று நாலு வரி எழுதி, கீழே பொறுப்பான ஒருவரின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்