மாப்ளைக்கு, இயன் ஹோம் பத்தி

மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. இங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா அலைச்சல். இப்ப கட்டுப் பிரிச்சாச்சு, நல்லா தெரியுதுன்னு சொல்றாங்க. காலைல பேப்பர்ல பொடி எழுத்தக் கூட கண்ணாடி இல்லாம படிச்சுக் காமிச்சாங்க, எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

உன் பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டா, வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு, எல்லாம் சந்தோஷம். ஆனா கடைசில நாலு வரி எழுதிருந்தியே, ரெண்டாவது சீன்ல வசனம் மொத்தமா மறந்துபோயி நின்னது, பேசாம இறங்கி மேக்கப் ரூம்ல போயி உக்காந்துட்டது, முப்பது வருஷமா ஏறின மேடைல இனிமே கால வைக்க மாட்டேன்னு ட்ரூப்ல சொல்லிட்டது, அந்த நாலு வரியத்தான் திரும்பத் திரும்ப படிச்சேன். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு ஆளு ஞாபகம்தான் வந்துச்சு. அவரப் பத்தி எழுதணும்னுதான் இன்னிக்கு உக்காந்தேன்.

இயன் ஹோம். பேரு சொன்னா உனக்கு முகம் வராது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் படத்துல நூத்திப் பதினோராவது பிறந்தநாள் கொண்டாடி, எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போதே மோதிரத்த மாட்டிட்டு மறைஞ்சு போவாரே அந்த வயசான பில்போ, அவர்தான். ஏலியன் படத்துல கப்பல்ல சயின்ஸ் ஆபீசரா அமைதியா சுத்திட்டு, கடைசில பாத்தா மனுஷனே இல்ல ரோபோன்னு தெரிய வருமே, உடம்புக்குள்ள இருந்து பால் மாதிரி வெள்ளையா கொட்டும், அதுவும் இவர்தான். ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்கே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதுதான் அவரோட பலம்னு நினைக்கிறேன், ஹோமப் பாத்தோம்னு நமக்குத் தோணவே தோணாது, அந்த ஆளப் பாத்தோம்னுதான் தோணும்.

1931ல பிறந்தவரு. அப்பா மனநல டாக்டர், எஸ்ஸெக்ஸ்ல ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரியோட சூப்பரின்டென்டென்ட், அம்மா நர்ஸு. லண்டன்ல ராடா நாடகப் பள்ளில படிச்சுட்டு 1954ல ஷேக்ஸ்பியர் ஊரு ஸ்ட்ராட்ஃபோர்டுல நாடகக் கம்பெனில சேந்தாரு, முதல்ல ஈட்டியப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி நிக்கிற வேஷம்தான். ஆளு குள்ளம், அஞ்சரை அடிதான். ஆனா பத்து வருஷத்துல அதே ஊர்ல பீட்டர் ஹால் டைரக்‌ஷன்ல மூணாம் ரிச்சர்டாவும் அஞ்சாம் ஹென்றியாவும் நிக்கிறாரு. அப்புறம் நாடக எழுத்தாளர் ஹெரால்ட் பின்டரோட தி ஹோம்கமிங், அதுல லென்னின்னு ஒரு வேஷம், லண்டன்ல போட்டு அப்புறம் நியூயார்க் பிராட்வேக்கும் போயி 1967ல அங்க நாடகத்துக்குக் கொடுக்கிற டோனி அவார்டு வாங்கினாரு. தன் செருப்ப மாட்டினா ஹோமுக்கு அளவா பொருந்தும்னு பின்டரே சொல்லிருக்காரு, ஒரு எழுத்தாளன் நடிகனப் பத்தி இதுக்கு மேல என்ன சொல்லணும் சொல்லு.

இப்பத்தான் நான் சொல்ல வந்த இடம். 1976, லண்டன் ஆல்ட்விச் தியேட்டர், தி ஐஸ்மேன் கமெத்னு யூஜின் ஓ'நீலோட நாடகம், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுறது. ஹோமுக்கு ஹிக்கிங்கிற வேஷம், கடைசில அந்த ஆளு தனியா பக்கம் பக்கமா பேசணும், நடிகனுங்க கனவுல கூட பயப்படுற பேச்சு அது. முழு ஷோ தொடங்குறதுக்கு முன்னாடி ப்ரிவ்யூ போடுவாங்கல்ல, அந்த ப்ரிவ்யூலயே இவருக்கு மேடை பயம் வந்துருச்சு. புதுசா வந்த பையன் இல்ல மாப்ள, இருபது வருஷத்துக்கு மேல மேடைல நின்னவரு, ரெண்டு ராஜாவா நின்னு ஸ்ட்ராட்ஃபோர்டயே ஆட்டி வெச்சவரு. மேடைய விட்டு இறங்கிட்டாரு, அந்த நாடகத்துக்கு அவரு திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல எப்பவாவது ஒண்ணு தவிர மேடைப் பக்கமே போகல.

நீ எழுதினதப் படிச்சப்போ எனக்கு ஏன் இவரு ஞாபகம் வந்தாருன்னு இப்ப உனக்குப் புரியும்.

ஆனா அந்த வருஷங்கள்ல அவரு வீட்ல உக்காந்து அழுதுட்டு இருக்கல. கேமரா முன்னாடி போனாரு. 1978ல பிபிசில பீட்டர் பேன் எழுதின ஜே.எம். பாரியா நடிச்சாரு, அடுத்த வருஷம் ஏலியன், 1981ல ரேடியோல லார்ட் ஆஃப் த ரிங்ஸ் இருபத்தாறு பாகமா வந்தப்போ ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்தாரு. இருபது வருஷம் கழிச்சு படத்துல அதே ஃப்ரோடோவுக்குப் பெரியவரு பில்போவா வர்றாரு பாரு. நெப்போலியனா மட்டும் மூணு தடவ நடிச்சிருக்காரு, உயரம் அதுக்குத் தோதா இருந்துச்சு.

இதுல எனக்கு உசுரு சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்தான், 1981. நீ கண்டிப்பா பாக்கணும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நூறு மீட்டர் ஓடுற ஹேரல்ட் ஆப்ரஹாம்ஸுக்குக் கோச்சு சாம் முஸாபினி, அந்த வேஷம்தான் ஹோமுக்கு, காசு வாங்கிக் கத்துக்கொடுக்கிறவன்னு பெரிய மனுஷங்க ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அதனால மைதானத்துக்குள்ள இருக்காம பக்கத்துல ஒரு ரூம்ல உக்காந்திருப்பாரு. ஓட்டம் அவருக்குத் தெரியாது. ஜன்னல் வழியா பிரிட்டிஷ் கொடி மேல ஏறுறது தெரியும், அவங்க தேசிய கீதம் கேக்கும், அப்பத்தான் தன் ஆளு ஜெயிச்சுட்டான்னே தெரியும். கைல இருக்கிற வைக்கோல் தொப்பிய ஓங்கிக் குத்தி ஓட்டை போட்டுருவாரு மாப்ள, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். பேச வேண்டியவன் வசனம் பெருசா இல்லாம எப்படிப் பேசுறதுன்னு அந்த ஒரு நிமிஷத்துல இருக்கு. அதுக்கு கான்ஸ்ல பரிசு, பாஃப்டா, ஆஸ்கர் நாமினேஷனும் கெடச்சுச்சு. ஆஸ்கர் ஜான் கில்குட்டுக்குப் போச்சு, ஆர்தர்ங்கிற வேற படத்துக்காக, அந்த கில்குட்டும் சேரியட்ஸ்ல நடிச்சிருந்தாரு.

1993ல திரும்பி வந்தாரு. கூப்பிட்டது யாருன்னு நினைக்கிற, பின்டர்தான். ஆல்மெய்டா தியேட்டர், சின்ன இடம், மூன்லைட்னு புது நாடகம், படுக்கைல சாகக் கிடக்கிற ஒரு மனுஷன். பழக்கமான எழுத்து, கிட்டத்துல ஜனங்க. அந்த வழியா வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, பெரிய மேடைல போயி ஒரே தாவா தாவல, தனக்குத் தெரிஞ்ச வாசல் வழியா உள்ள வந்தாரு.

அதுக்கு நாலு வருஷம் கழிச்சு 1997ல லண்டன் நேஷனல் தியேட்டர்ல ஷேக்ஸ்பியரோட லியர் ராஜா. அறுபத்தஞ்சு வயசு. ரிச்சர்ட் ஐர் டைரக்‌ஷன், அங்க இருக்கிறதுலயே சின்ன அரங்கம், அப்ப அதுக்குக் காட்டெஸ்லோன்னு பேரு, ஜனங்க கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருப்பாங்க. நடிகனுக்கு அதவிடப் பெரிய வேஷம் கிடையாதுன்னு சொல்வாங்க, புயல் சீன்ல அவரு உடம்புல ஒரு துணி கூட இல்லாம நின்னாரு. நடுங்கி ஓடின அதே மனுஷன் மாப்ள, ஒளிஞ்சுக்க ஒண்ணுமே இல்லாம நிக்கிறாரு. அடுத்த வருஷம் லண்டன் நாடகங்களுக்குக் கொடுக்கிற ஒலிவியே அவார்டு, அதே வருஷம் சர் பட்டம். இன்னொண்ணும் எனக்குத் தோணுது, அப்பா மனநல டாக்டரு, இவரு 1994ல கிங் ஜார்ஜ் படத்துல புத்தி கலங்கின ராஜாவ அடக்குற டாக்டரா வந்தாரு, அப்புறம் தானே புத்தி கலங்குற ராஜாவா ஆனாரு. சின்ன வயசுல அந்த ஆஸ்பத்திரில என்னென்ன பாத்திருப்பாரோ, அந்தப் புயல் சீனுக்கு அங்க இருந்து ஏதாவது வந்திருக்கும்னு நான் நம்புறேன்.

1997 அவருக்கு மகசூல் வருஷம். தி ஸ்வீட் ஹியராஃப்டர்னு கனடா படம், ஸ்கூல் பஸ் விபத்துல பிள்ளைங்களப் பறிகொடுத்த ஊருக்கு வர்ற வக்கீலு வேஷம். அதையும் பாரு, ஆனா பேத்தி பக்கத்துல இருக்கும்போது வேண்டாம்.

கடைசில பார்க்கின்சன்ஸ் வந்துருச்சு. ஹாபிட் படம் எடுக்கிறப்போ நியூசிலாந்து வரைக்கும் போக முடியல, வசனமும் முன்ன மாதிரி நிக்கல. பீட்டர் ஜாக்சன் சின்ன டீமோட லண்டனுக்கே வந்து அவரு சீனெல்லாம் எடுத்துட்டுப் போனாரு. முதல் தடவ நடிச்சப்போ ஒரே வசனத்த ஒவ்வொரு டேக்லயும் வேற வேற மாதிரி பேசிக் காட்டினவருக்கு, இப்ப வரியப் பக்கத்துல இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டி இருந்துச்சு. படத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது, பில்போதான் தெரிவாரு. 2020 ஜூன் 19ம் தேதி போயிட்டாரு, 88 வயசு.

சரி, லியர் நாடகத்த ஐரே 1998ல டிவிக்கும் எடுத்தாரு, அது எங்கிட்ட இருக்கு. பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடியே வர்றேன், டிக்கெட் போட்டாச்சு, வைகைல. மதினிகிட்ட சொல்லிரு, சாப்பாட்டுக்கு ஒண்ணும் மெனக்கெட வேண்டாம், ராத்திரி இட்லி போதும், நாம ரெண்டு பேரும் மொட்டை மாடில லேப்டாப்ப வெச்சுக்கிட்டு பாப்போம். வரும்போது நீ விட்டுட்டு வந்த அந்த ரெண்டாவது சீனோட பேப்பரயும் எடுத்து வை, எதிர் வசனம் நான் படிக்கிறேன்.

உன்,
மாப்ள