பெரிய வீல் மாட்டச் சொன்னேன், மட்கார்டை அறுக்கச் சொல்லவில்லை

அனுப்புநர்:
அம்பாசிடர் உரிமையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர்,
டயர், அலாய் வீல் விற்பனையகம்,
புதுச்சேரி.

பொருள்: 1972 அம்பாசிடர் மார்க் 2 வண்டிக்கு 16 அங்குல வீல் பொருத்தியதில் நேர்ந்த சேதம்.

ஐயா,

போன மாதம் 14ஆம் தேதி உங்கள் கடையில் 62,000 ரூபாய் கட்டி 4 அலாய் வீலும் டயரும் மாட்டினேன். பெரிய வீல் ஆசை என்னுடையதுதான், அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் பாடியைத் தொடாமல் பொருந்துமா என்று இரண்டு தடவை கேட்டேன். "அம்பாசிடர்தானே சார், உள்ளே குடும்பமே நடத்தலாம்" என்று உங்கள் ஆள் சிரித்தார். அதை நம்பி டீ குடிக்கப் போனது என் தப்பு.

அன்று மாலை ஊருக்குத் திரும்பும்போது, அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்னால் சர்ரென்று சத்தம். பின் சீட்டில் மூன்று பேர். தவளக்குப்பத்தில் ஓரங்கட்டி இறங்கினால் ரப்பர் கருகிய வாடை. டயர் பக்கவாட்டில் சீவினாற்போல் கோடு. மட்கார்டின் உள்மடிப்பைத் தடவிப் பார்த்தேன், மடிப்பே இல்லை. கிரைண்டரால் அறுத்துவிட்டுக் கறுப்பு பெயின்ட் பூசியிருக்கிறீர்கள். பெயின்ட் அப்போதும் காயாமல் விரலில் ஒட்டியது. அறுத்தும் உரசுகிறது என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினேன். வீலுக்கும் டிரம்முக்கும் நடுவே ஸ்பேசர், அதாவது வீலை வெளியே தள்ளிவைக்கும் இடைத்தகடு. பில்லில் அப்படியொரு பொருளே இல்லை. அந்தத் தகட்டின் தடிமன் போக, நட்டு பிடிக்க மரை மிச்சமில்லை; மூன்றே சுற்றில் கழன்று கையோடு வந்தது. பழைய ரிம்மில் அதே நட்டு எட்டு சுற்று ஏறும். மூன்று மரையை நம்பி என் குடும்பத்தைத் தென்பெண்ணைப் பாலத்தில் ஓட்டி வந்திருக்கிறேன்!

கணக்காவது போட்டிருக்கலாம். 165/80 ஆர் 15 அளவுள்ள பழைய டயரின் விட்டம் 645 மி.மீ. நீங்கள் மாட்டிய 215/65 ஆர் 16, 686 மி.மீ. டயர் பெரிதானதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடுகிறது. (மைலேஜ் விழுந்துவிட்டது என்று போனில் கத்தினேன். அதில் பாதி, மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டியதால் வந்தது. அந்தப் பாதிப் புகாரை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.) ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்டயரும் உள்ளே உரசுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, எங்கள் சந்தில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது.

50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ், அதாவது பாரம்பரியப் பழைய வண்டி, என்று பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் அப்பாவின் வண்டியை எந்த டிங்கர் கையிலும் கொடுக்காமல் காத்தேன். வீலை நாளைக்கே கழற்றிவிடலாம். அறுத்த தகட்டை என்ன செய்வது?

எனவே 62,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மட்கார்டுக்குத் தகடு வைத்துப் பற்றவைக்கும் செலவும் உங்களுடையதே. ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் கிரைண்டர் வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், நான் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் கடையில் விட்டுவந்த பழைய ரிம் நான்கையும், வீல் மூடித் தொப்பிகளோடு, உடனே அனுப்புங்கள். வண்டி அதற்காகத்தான் ஷெட்டில் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், அறுத்த இடத்தின் படங்கள், ஸ்பேசர் ஒன்று.